கன்னையாவின் தலைமுடி

12 ஜனவரி 1936, சித்தூர்

நேற்று என் கொட்டகையில் குஸ்தி நடந்தது. பார்க்க ஆள் வரவில்லை.

நம் துலுக்காணம் வேலூர்க்காரனைப் புரட்டிய புரட்டு சாதாரணப் புரட்டா? அப்படி ஒரு பிடியை நான் பார்த்ததே இல்லை. யாருக்காகப் பிடித்தான்? காலி பெஞ்சுக்கு. டிக்கெட் ஜன்னலில் வந்தவனெல்லாம் ஒரே கேள்வி: "கன்னையா பயில்வான் வர்றாரா?" இல்லை என்றதும் எதிரே மசால்வடை துன்னப் போய்விட்டான். இரண்டணா கொடுக்க மாட்டானாம், வடைக்கு மட்டும் கொடுப்பானாம்!

வெல்லம் கொள்முதல் செய்ய வைத்திருந்த முதலை இந்தக் கொட்டகையில் போட்டிருக்கிறேன். கரும்பாலை ஓடும் காலம் இது. கையில் பணமில்லாமல் மண்டிக்காரன் எந்த ஊர்ப் பக்கம் போய் நிற்பது?

துலுக்காணம் உடம்பு மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டான்: "நான் நல்லாத்தானே புடிச்சேன், மொதலாளி?" நல்லாத்தான்டா பிடித்தாய். அதை வைத்து நான் என்ன செய்ய?

19 ஜனவரி

கன்னையாவைப் பார்க்கப் பட்டணம் போய்வந்தேன். வசூலில் பாதி வேண்டுமாம். பாதி! மூங்கில் என்னுடையது, கீற்று என்னுடையது, விளக்கு என்னுடையது. அவனுடையது தோளில் புரளும் அந்த முடி மட்டும்.

ஒப்புக்கொண்டேன். வேறு வழி?

2 பிப்ரவரி

நேற்று சித்தூரில் கொட்டகை நிரம்பி வெளியிலும் கூட்டம். கன்னையா ஆந்தையைப் போல் முழித்துக்கொண்டு சண்டைக்கு நின்றான், தலையை ஒரு சிலுப்பு சிலுப்பினான், ஜனம் எழுந்து நின்று கத்தியது. பிடி என்று பார்த்தால் துலுக்காணத்தின் கால்தூசிக்குப் பெறாது. யாருக்குக் கவலை? சிலுப்பலுக்குத்தான் டிக்கெட்.

பாதியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டான். மீதி கொட்டகைச் செலவுக்கே சரி. என் வெல்ல முதல் திரும்ப வேண்டுமானால் அடுத்த வாரத் திருப்பதிக் குஸ்தியில்தான் வரவேண்டும்.

5 பிப்ரவரி

திருப்பதிக்குப் போக பாகாலாவில் வண்டி மாறினோம். பிளாட்பாரம் பூராவும் அவனைச் சுற்றித்தான். ஒருத்தன் முடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான். பெட்டி தூக்கியது துலுக்காணம்.

அச்சுக்காரனிடம் சொல்லிவிட்டேன்: நோட்டீசில் முடி பெரிதாக வரட்டும், முகம் சின்னதானாலும் பரவாயில்லை.

9 பிப்ரவரி, ஞாயிறு, திருப்பதி

சர்ச்சுக்குப் போகவில்லை. இந்தக் கோபத்தோடு போய் ஆண்டவர் முன்னால் உட்கார்ந்தால் அது ஜெபமாகாது.

நேற்று விடியலில் கன்னையா மலை ஏறினான். சாமி கும்பிடத்தானே, வரட்டும் என்றிருந்தேன். சாயங்காலம் திரும்பி வந்தான் — மொட்டையாக! தலை முழுக்கச் சந்தனம்!

"யோவ், என்னய்யா பண்ணிட்டே?"

"உடைஞ்ச கால் எலும்பு கூடினா முடி தர்றேன்னு வேண்டிக்கினேன் நைனா. இம்மாந் தூரம் வந்துட்டு ஏமாத்திட்டுப் போவட்டுமா?"

என்னத்தைச் சொல்ல! ஊரெல்லாம் அவன் முடியை ஒட்டி வைத்திருக்கிறேன். கோதாவில் இறங்கியதும் ஜனம் கத்த ஆரம்பித்தது. "ஈயன கன்னையா காதய்யா!" இவன் கன்னையாவே இல்லையாம், வேறு எவனையோ கொண்டுவந்து நிறுத்திவிட்டேனாம். எதிரே துலுக்காணம். இருவரும் பிடித்தார்கள் பாருங்கள்! சிலுப்ப முடி இல்லாததால் கன்னையா நேற்றுத்தான் முதல்முதலாகக் குஸ்தி பிடித்தான். அவனைத் துலுக்காணம் முதுகு மண்ணில் பட வீழ்த்தினான். பார்க்க யார் இருந்தார்கள்? பாதிப் பேர் ஜன்னலில் காசு கேட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். இடத்துக்காரர் ரங்கையா, "குடுத்திருங்க, இல்லாட்டி கொட்டாய கொளுத்திருவானுங்கோ" என்றார். கொடுத்தேன்.

துலுக்காணம் மூலையில் அழுதான். "நெசக் கன்னையாவத்தான் கவுத்தேன் மொதலாளி. ஒருத்தனும் நம்பல."

10 பிப்ரவரி, சித்தூர்

கொட்டகை பிரிக்க நாளை மறுபடி போகவேண்டும். என் மனைவி கிருபாவதியிடம் நடந்ததைச் சொன்னேன். சிரித்தாள்! "திருப்பதிக்குக் கூட்டினு போய் வுட்டா, அவரு மொட்டை போடாம வருவாரா? திருச்சானூர் சந்தையில இத்தினி வருசமா மொட்டைங்களுக்குத்தானே வெல்லம் வித்தீங்க!"

உண்மைதான். அதுதான் எரிகிறது. நம் சபையில் முடி காணிக்கை கிடையாது. அதனால் மற்றவன் தலையும் நம் தலை மாதிரியே என்று நினைத்துவிட்டேன். கண் எதிரே நடப்பதைப் பார்க்கத் தெரியாதவன் எல்லாம் வியாபாரியா?

12 பிப்ரவரி, திருப்பதி

கீற்றைப் பிரித்துக்கொண்டிருந்தோம். கன்னையா ஊருக்குப் போகாமல் அங்கேயே இருந்தான். "மலை ஏறி இறங்கின கால், அதான் சறுக்கிட்டுது" என்று ஆறுதலாகச் சொன்னேன். கண் சிவந்துவிட்டது அவனுக்கு. "கால் மேல பழி போடாதீங்க நைனா. அவன் கெலிச்சான்."

சொன்னவன் துலுக்காணத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனான். நடுத்தெருவில் நின்று கத்தினான்: "நான்தான் கன்னையா! இவன்தான் என்னைக் கவுத்தான்!" ஜனம் சிரித்தது. அவன் விடவில்லை. "ஜெயிச்சேன்னு எவன் வேணா பொய் சொல்வான். தோத்தேன்னு எவனாவது பொய் சொல்வானா?"

சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் கூட்டம் துலுக்காணத்தைச் சுற்றிக்கொண்டது. பாகாலாவில் பெட்டி தூக்கியவனின் தோளை இப்போது தொட்டுப் பார்க்கிறார்கள். "மறுபடி எப்போ?" என்று என்னைக் கேட்கிறார்கள். அன்றைக்குக் காசைத் திருப்பி வாங்கிய அதே முகங்கள்! இரண்டு அறை விடலாம் போலிருந்தது. விடவில்லை. ஆள்களிடம் கீற்றைப் பிரிக்காதே என்றேன்.

16 பிப்ரவரி, சித்தூர்

இந்த ஆண்டு வெல்லம் போனது போனதுதான். மண்டியைப் பூட்டிவிட்டேன்.

மறுகுஸ்தி பேச உட்கார்ந்தோம். துலுக்காணத்துக்கு வழக்கமான கூலி என்று ஆரம்பித்தேன். அவன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டான். "கூலிக்கு வேற ஆளப் பாருங்க, அண்ணே." இத்தனை காலம் மொதலாளி, இப்போது அண்ணே! கொதித்தது. கன்னையா தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பேசி முடிந்தது இது: ஆவணியில் திருப்பதியில் குஸ்தி. அதுவரை கன்னையா தலையில் கத்தி படக்கூடாது. வசூலில் மூன்றில் ஒரு பங்கு அவனுக்கு, ஒரு பங்கு துலுக்காணத்துக்கு, ஒரு பங்கு எனக்கு. கொட்டகைச் செலவு என் பங்கில். நோட்டீசில் இரண்டு முகமும் ஒரே அளவு.