பழைய நேரமும் திருவாதிரையும்

2006 ஜனவரி 9, திங்கள். லிந்துலை

நான் வானத்தில் என் கணவரைத் தேடவில்லை. பஜாரில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம். பலசரக்குக் கடைச் சண்முகவடிவு இன்று பருப்பை நிறுத்துக்கொண்டே, "டீச்சரம்மா, அந்தக் கொழாயில அய்யா தெரிவாங்களா?" என்று கேட்டாள். கேலியில்லை, பரிவோடுதான் கேட்டாள். அது கேலியைவிட மோசம். அவர் போய் ஐந்து வருடமாகிறது. தகனம் செய்த இடம் எனக்குத் தெரியும். தேட வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்கிறார்கள்: டீச்சர் வீட்டு மணிக்கூடு அரை மணி பிந்தி ஓடுகிறதாம். அது பிந்தவில்லை. 1996இல் மின்சாரம் மிச்சம் பிடிக்க நாட்டின் நேரத்தை முன்னே தள்ளினார்கள். கடைசியில் அது அரை மணியில் வந்து நின்றது. "சூரியன் கொழும்பைக் கேட்டோ உதிக்குது?" என்று கேட்டு என் கணவர் சுவர் மணிக்கூட்டைத் தொடவில்லை. நானும் தொடவில்லை. என் கைக்கடிகாரமும் அதைப் பார்த்துத்தான் ஓடுகிறது. பஸ்ஸுக்கும் வங்கிக்கும் மனதில் அரை மணி கூட்டிக்கொள்வேன். வீட்டுக்குள் பழைய நேரம்தான்.

நான் செய்யப்போவது படம் எடுப்பது. முப்பத்தொரு வருடம் ஒரு பாடப்புத்தகத்தின் மங்கிய படத்தைக் காட்டி, "இது ஓரியன் நெபுலா, நட்சத்திரங்கள் பிறக்கும் ஒளிப்புகை" என்று படிப்பித்தேன். ஒருநாளும் அதை நான் கண்டதில்லை. காணாததைக் கண்டவள்போல் படிப்பித்தேன் என்பது எழுபது வயதிலும் உறுத்துகிறது. என் மகன் மயூரதன் ஒவ்வொரு வருடமும், "ரொறொன்ரோவுக்கு வந்து எங்களோடை இருங்கோ அம்மா" என்பான். போன வருடம், "நான் வரேல்லை, டெலஸ்கோப் ஒன்று அனுப்பு" என்றேன். இன்று மூன்று பெட்டிகளில் வந்துவிட்டது. கமராவும் இருக்கிறது.

கொன்வென்டில் படித்த காலத்தில் சிஸ்டர் பழக்கியபடி நாட்குறிப்பின் கடைசி வரி நன்றிக்கு. (நான் சைவம். நன்றிக்குச் சமயமில்லை என்று சிஸ்டரே சொன்னவர்.)

நன்றி: மயூரதனுக்கு. நானுஓயாவிலிருந்து பெட்டிகளை நனையாமல் கொண்டுவந்த லொறிக்காரருக்கு.

ஜனவரி 12

கையேட்டை இரண்டு முறை வாசித்தேன். டெலஸ்கோப்பைவிட அதைச் சுமக்கும் தாங்கிதான் பெரிய சாமான். அதனோடு வயரில் தொங்கும் சிறு கைப்பெட்டியில் இடம், திகதி, நேரம் மூன்றையும் கொடுத்து நட்சத்திரத்தின் பெயரைத் தெரிவுசெய்தால், தானே திரும்பிப் போய் நிற்குமாம். பிறகு அந்த நட்சத்திரம் நகர நகரப் பின்னால் போகுமாம். அப்படிப் போனால்தான் கமராவை அரை நிமிடமாவது திறந்து வைக்கலாம். இல்லாவிட்டால் நட்சத்திரமெல்லாம் கோடாகிவிடும்.

சிக்கல் ஒன்று. தாங்கியின் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். நமக்கு அது அடிவானத்துக்கு மேல் ஏழு பாகைதான். தேயிலை மலைக்குப் பின்னால் மறைந்தே கிடக்கிறது. கனடாக்காரருக்காகச் செய்த தாங்கி இருபது பாகைக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது.

மாயாண்டியைக் கூப்பிட்டு அனுப்பினேன். தேயிலை ஃபெக்டரியில் நாற்பது வருடம் மெசின் பூட்டும் பிட்டராக இருந்தவர். என் கணவர் அங்கே தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கராக இருந்தபோது அவருக்குக் கீழே வேலை செய்தவர். ஃபெக்டரி ஆட்கள் வரும் வழக்கப்படி பின்பக்கக் குசினி வாசலால் வந்தார். தாங்கியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏங்கம்மா, பூமி கனடாவுல சாஞ்சு கெடக்குதுங்களா, நம்ம ஊர்லயாங்களா?"

"நாங்கள் பூமியின்ரை நடுவிலை இருக்கிறம், மாயாண்டி. அவை மேலை இருக்கினம்."

"அப்ப மேல இருக்கவங்க செஞ்சத, நடுவுல இருக்கவங்க கட்டை வச்சுத்தான் சரி பண்ணணும். தேயில அரைக்கிற ரோலருக்கு வைக்கிற மாதிரி ஒண்ணு வச்சுப்புடலாங்க."

நெடுநாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தேன்.

நன்றி: சிரிப்புக்கு.

ஜனவரி 19

பதின்மூன்று பாகைச் சரிவில் இரும்புக் கட்டை வந்துவிட்டது. விளிம்பெல்லாம் அரத்தால் ராவி வழுவழுப்பாக்கியிருக்கிறார். தடவிப் பார்த்தால் கையில் ஒன்றும் குத்தவில்லை.

வடக்குத் திசையை மாயாண்டியே குறித்தார். முற்றத்துச் சீமெந்தில் ஒரு கம்பியை நேராக நிறுத்தி, காலையில் நிழல் விழுந்த இடத்தைக் குறித்து, பின்னேரம் அதே நீள நிழல் விழும்வரை காத்திருந்து, இரண்டுக்கும் நடுவே வெள்ளைப் பெயின்ற்றால் கோடு. வகுப்பில் கரும்பலகையில் மட்டுமே நான் செய்துகாட்டிய வேலை. நாள் முழுக்க அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

நன்றி: வெயிலுக்கு. மலையில் ஒரு முழுநாள் வெயில் கிடைப்பது இலேசில்லை.

ஜனவரி 27, வெள்ளி

மூடுபனி விலகியது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்து நேரம் கொடுத்தேன். திருவாதிரையைத் தெரிவுசெய்தேன். தாங்கி முனகிக்கொண்டு திரும்பியது. நின்றது. குனிந்து பார்த்தேன்.

வெறும் இருட்டு.

தலைக்கு மேலே திருவாதிரை சிவப்பாக நிற்கிறது, டெலஸ்கோப் வேறெங்கோ பார்க்கிறது. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அப்படியே.

கையேடு: நட்சத்திரம் தெரியாவிட்டால் நேரம், இடம், தாங்கியின் சாய்வு ஆகியவற்றைச் சரிபார்க்கவும். நேரம் சரி. இடம் சரி.

சாய்வு!

ஜனவரி 28

மாயாண்டியை வரச் சொன்னேன். சண்முகவடிவு தேங்காயெண்ணெய் கொண்டுவந்தவள், போகாமல் நின்றாள். அவள் நிற்கிறாள் என்று தெரிந்தும் நான் பேசினேன்.

மாயாண்டி கட்டையின் மேல் மட்டம் பார்க்கும் லெவலை வைத்தார். "நீங்களே பாருங்கம்மா. எந்தப் பக்கம் திருப்பினாலும் கணக்குத் தவறல."

"கணக்கை நான் பார்க்கிறன். உங்கடை கட்டைதான் பிழை."

"நாப்பது வருசம் மெசினுக்குக் கட்டை வச்சவன்ங்க நானு. அய்யா ஒரு வாட்டிகூடத் திருப்பிச் செய்யச் சொன்னதில்லீங்க."

"ஐயா கண்ணை மூடிக்கொண்டு இருந்திருப்பார்."

நான்தான் சொன்னேன். என் வாயால்.

அவர் "அய்யாவ அப்படிச் சொல்லாதீங்கம்மா" என்றார். லெவலைத் துண்டில் சுற்றிக்கொண்டு குசினி வாசலால் போய்விட்டார். படியில் அவருக்கு வைத்த தேத்தண்ணீர் அப்படியே இருந்தது. சண்முகவடிவு, "வயசானவர டீச்சரம்மா…" என்று இழுத்தாள். அவருக்கு என்னைவிட ஆறு வயது குறைவு என்றேன்.

ஜனவரி 29

மூடுபனி. நன்றி எழுத ஒன்றும் வரவில்லை.

பெப்ரவரி 6

கட்டைக்கு அடியில் பழைய கல்யாணக் கார்ட்டுகளைச் செருகிப் பார்க்கிறேன். ஒரு கார்ட், இரண்டு கார்ட். திருத்தத் திருத்த இன்னும் தள்ளித்தான் போகிறது. மயூரதன் போனில், "நேரம் சரியாப் போட்டனீங்களோ அம்மா?" என்று கேட்டான். "என்ரை மணிக்கூடு ஒருநாளும் பிழைச்சதில்லை" என்றேன்.

நன்றி: பிள்ளை போன் எடுத்ததற்கு.

பெப்ரவரி 11

மாயாண்டி நோட்டன் பிரிட்ஜுக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம். சண்முகவடிவு சொன்னாள். "மகளுக்குப் பிள்ளைப்பேறுன்னுதான் சொல்லிட்டுப் போனாரு. ஆனா மூஞ்சி நல்லால்லீங்க. லெவலையும் கையோட எடுத்துட்டுப் போயிட்டாரு."

பிள்ளைப்பேற்றுக்கு லெவல் எதற்கு?

பெப்ரவரி 20

எரிச்சலில் கார்ட்டுகளை எல்லாம் உருவி எறிந்துவிட்டு, ஒழுங்காக அளந்தேன். நீட்டிய கையின் மூடிய முட்டி ஒன்று வானத்தில் பத்துப் பாகை. டெலஸ்கோப் திருவாதிரைக்கு முக்கால் முட்டி கிழக்கே நிற்கிறது. ரோகிணிக்கும் முக்கால் முட்டி கிழக்கே. சிரியஸுக்கும் அதே. ஏழரைப் பாகை. எப்போதும் கிழக்கே.

நன்றி: முட்டியை இன்னும் நேராக நீட்ட முடிவதற்கு.

பெப்ரவரி 21

காலை ஐந்து மணிக்கு விழித்தேன். கட்டிலில் கிடந்தபடியே கணக்கு வந்தது. யாரும் கேட்கவில்லை, அதுவாக வந்தது.

பூமி ஒரு மணிக்குப் பதினைந்து பாகை சுழல்கிறது. ஆகவே ஏழரைப் பாகைக்கு?

எட்டாம் வகுப்புக் கணக்கு. எத்தனை பிள்ளைகளை இதற்கு எழுப்பி நிறுத்தியிருப்பேன்.

அரை மணி.

எழும்பிப் போய் சுவர் மணிக்கூட்டுக்கு முன்னால் நின்றேன். கைப்பெட்டிக்கு நாட்டின் புதிய நேர வலயத்தைக் கொடுத்துவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்துப் பழைய நேரத்தைக் கொடுத்திருக்கிறேன். பஸ்ஸுக்கும் வங்கிக்கும் கூட்டிய அரை மணியை நட்சத்திரத்துக்குக் கூட்டவில்லை. இது வீட்டுக் காரியம் என்று நினைத்துவிட்டேனோ?

இன்னொன்று. கட்டை பிழையென்றால் டெலஸ்கோப் வடக்கேயோ தெற்கேயோ விலகியிருக்கும். விலகியது கிழக்கே. இதைக் காண முதல்நாளே எனக்குப் படிப்பு இருந்தது. நான் பார்க்கேல்லை. பிழை அந்த மனிசன்ரை கையிலை இருக்கவேணும் எண்டு நினைச்சிட்டன். என்ரை வீட்டு மணிக்கூட்டிலை இருக்கும் எண்டு நினைக்கேல்லை. ஏன்? அவர் குசினி வாசலாலை வாறவர் எண்டதாலையோ?

பெப்ரவரி 25, சனி

நிலவில்லை. ரேடியோவின் நேரத்தைக் கேட்டுப் போட்டேன். கார்ட் இல்லை, மாயாண்டியின் கட்டை மட்டும், அவருடைய வெள்ளைக் கோட்டின் மேல். திருவாதிரை என்றேன். முனகித் திரும்பி நின்றது. குனிந்தேன் — திருவாதிரை. ஏறக்குறைய நடுவில், எனக்காகக் காத்திருந்ததுபோல்.

கமராவைப் பூட்டி, பக்கத்தில் இருக்கும் ஓரியன் நெபுலாவுக்குப் போனேன். முதல் படத்தில் கை பட்டு எல்லாம் புழுக்களாய் நெளிந்தன. இரண்டாவதில் கவனம் பிசகியிருந்தது. ஐந்தாவதில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தொடாமல், முப்பது விநாடி. சின்னத் திரையில் ஒரு செம்மை. விரித்த சிறகுபோல் ஒளிப்புகை, அதன் மடியில் மூன்று நான்கு சின்ன நட்சத்திரங்கள். கோடாக இல்லை. பொட்டுப் பொட்டாக.

பாடப்புத்தகத்தில் அது சாம்பல் நிறம். சிவப்பு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாருக்கும் சொல்லவில்லை.

சால்வையோடு வெளியிலேயே இருந்தேன். சொல்ல ஒருவரும் பக்கத்தில் இல்லை. சொல்ல வேண்டியவர் நோட்டன் பிரிட்ஜில்.

பெப்ரவரி 26

கதிரையில் ஏறிச் சுவர் மணிக்கூட்டை அரை மணி முன்னே தள்ளினேன். என் கணவர் கை வைக்காத இடத்தில் என் கை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் தள்ளினேன். முள் ஒன்றும் பாரமாக இல்லை.

பிறகு இந்தக் கொப்பியை முதலிலிருந்து வாசித்தேன். லொறிக்காரருக்கு நன்றி. சிரிப்புக்கு நன்றி. வெயிலுக்கு நன்றி. என் முட்டிக்கு நன்றி. சிரிக்கவைத்தவருக்கு ஒரு வரியில்லை. வெயிலில் நாள் முழுக்கக் குந்தியிருந்தவருக்கு ஒரு வரியில்லை.

நன்றி: மாயாண்டிக்கு. மாயாண்டிக்கு. மாயாண்டிக்கு.

மார்ச் 14

ஹட்டன் ஸ்டூடியோவில் படத்தை இரண்டு பிரதி அச்சிட்டேன். அங்கிருந்தவர் "இது என்ன, கண் ஒப்பரேசனா?" என்று கேட்டார். கடிதம் எழுத உட்கார்ந்தேன். மூன்று முறை கிழித்தேன். மூன்றிலும் கையேட்டைக் குறை சொல்லியிருந்தேன்.

ஏப்ரல் 15, சனி

நேற்றுப் புத்தாண்டு. இன்று முதல் நாடு முழுவதும் பழைய நேரமாம்! அரசாங்கம் அரை மணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. பத்து வருடம் பிடித்த பிடியை நான் விட்டு ஏழு கிழமை ஆகவில்லை. பலகாரத்தோடு வந்த சண்முகவடிவு, "கடைசியில டீச்சரம்மா மணிக்கூடுதான் ஜெயிச்சிருச்சு!" என்று படியிலேயே நின்று கத்தினாள். மணிக்கூட்டைப் பார்த்தாள். வாயில் கை வைத்தாள். "அய்யய்யோ, மாத்திட்டீங்களா?" இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். திரும்பக் கதிரையில் ஏறினேன். அவள் கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் ஜெயிக்கவில்லை என்பதை அவளுக்கு இன்று சொன்னேன். ஜனவரியில் அவள் பார்க்க நடந்ததற்கு, அவள் கேட்க அதைச் சொல்ல வேண்டும். நடந்தது முழுவதையும் சொன்னேன். அவள் கேலி செய்யவில்லை. "அத அவருகிட்ட சொல்லுங்கம்மா" என்றாள்.

திங்கட்கிழமைத் தபாலில் சேர்க்கும் கடிதத்தின் பிரதி:

அன்புள்ள மாயாண்டி அவர்களுக்கு,

நலம். உங்கள் மகளும் குழந்தையும் நலமென்று கேள்விப்பட்டுச் சந்தோஷம். ஜனவரி 28ஆம் திகதி உங்கள் கட்டை பிழை என்று சொன்னேன். கட்டை சரி. கோடும் சரி. பிழை என் மணிக்கூட்டில் இருந்தது; அதைவிட என்னில் இருந்தது. ஐயா கண்ணை மூடிக்கொண்டிருந்தார் என்றும் சொன்னேன். அது பொய். அவர் உங்கள் வேலையை ஒவ்வொரு நாளும் பார்த்தார். பார்த்ததால்தான் திருப்பிச் செய்யச் சொல்லவில்லை.

இத்துடன் இருக்கும் படம் உங்கள் கட்டையின் மேல் டெலஸ்கோப்பை நிறுத்தி எடுத்தது. சிவப்பாகத் தெரிவது நட்சத்திரங்கள் பிறக்கும் இடம். பின்பக்கத்தில் உங்கள் பெயரையும் என் பெயரையும் எழுதியிருக்கிறேன். உங்களுடையது முதலில்.

கட்டையை நான் அசைக்கவில்லை. மே மாதம் வியாழன் நன்றாகத் தெரியும். அதன் நிலாக்களையும் பார்க்கலாம். நீங்கள் வந்தால் முதலில் நீங்கள் பார்க்கலாம். லெவலையும் கொண்டு வாருங்கள். முன் வாசலால் வாருங்கள்.

வாய்வழி சொல்லி அனுப்பினால் சண்முகவடிவு தன்னுடையதையும் கொஞ்சம் சேர்த்துவிடுவாள். ஃபெக்டரி மெசின் புத்தகத்தில் உங்கள் எழுத்தை ஐயா எனக்குக் காட்டியிருக்கிறார், தெளிவான எழுத்து. முத்திரை ஒட்டிய உறை வைத்திருக்கிறேன். வருவீர்களா, மாட்டீர்களா, எதுவானாலும் உங்கள் கைப்பட எழுதிப் பதில் அனுப்பவும்.

செல்வமலர் நடராசா