இரண்டு பேர் நிறுத்திய மாத்திரை

பெங்களூரு
9 பிப்ரவரி 2025

என் அன்புத் தங்கை நிர்மலாவுக்கு,

அஞ்சும் அக்கா எழுதுகிறேன். உன் போனில் பேசினால் வீடே காது கொடுத்துக் கேட்கும் என்றாயே, அதனால்தான் கடிதம். ரொம்ப நாளாகப் பேனா பிடிக்க வராத விரல்கள் இப்போது மெதுவாக மடங்குகின்றன. எழுத்து கோணலாக இருக்கும், கணக்கு டீச்சரா இப்படி எழுதுகிறாள் என்று சிரிக்காதே.

செல் ஏற்றி முடிந்துவிட்டது. என்னதான் செய்வார்கள் என்று கேட்டாய் அல்லவா? கிருமி வந்தால் எதிர்க்க வேண்டிய செல்கள் நமக்கு இந்த லூபஸ் நோயில் புத்தி மாறி நம் மூட்டையும் தோலையும் சிறுநீரகத்தையுமே எதிரி என்று தாக்குகின்றன. இவர்கள் என் ரத்தத்திலிருந்தே டி செல் என்ற வகையைப் பிரித்தெடுத்து, லேபில் அவற்றை மாற்றியமைத்து, திரும்ப எனக்கே ஏற்றினார்கள். கெட்டுப்போன பி செல்களை அவை தேடிப்பிடித்து அழிக்குமாம். ஒரு சின்னப் பைதான். காபி ஆறுவதற்குள் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு வந்த காய்ச்சலைப் பற்றி மட்டும் எழுதமாட்டேன். தாரிக் கண்ணாடிக்கு வெளியே நின்று ஓதிக்கொண்டே இருந்தாராம்.

இது இன்னும் சோதனையில் இருக்கிற சிகிச்சை, பலன் எவ்வளவு காலம் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது என்று டாக்டரம்மா முதலிலேயே சொன்னார். செல்லுக்கு இடம் பண்ணக் கொடுக்கும் மருந்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு போகலாம் என்றும் சொன்னார். சிறுநீரகம் திரும்பத் திரும்பக் கெட்ட பிறகு எனக்கும் தாரிக்குக்கும் யோசிக்க அதிகம் இருக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள். நீயும் கேட்டுப் பார்.

உன் நலத்துக்கு துவா செய்யும்
அஞ்சும்


மொரப்பூர் அருகிலிருந்து
2 மார்ச் 2025

அன்பு அக்காவுக்கு நிர்மலா எழுதுவது.

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் கொடுத்தபோது மாமியார்தான் வாங்கினார். இந்தக் காலத்தில் யார் கடிதம் போடுகிறார்கள் என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். ஆஸ்பத்திரி அக்கா என்று சொன்னேன்.

வெயில்தான் அக்கா கஷ்டம். தக்காளி பறிப்பு நடக்கிறது. எல்லோரும் காட்டில் இருக்க, நான் மட்டும் வீட்டுக்குள். ஒரு நாள் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு போனேன். அன்று இரவே கன்னம் சிவந்து மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டது. அவர் ஒன்றும் சொல்லமாட்டார். ஊர்தான் என்னை மகாராணி என்கிறது.

அந்தச் சிகிச்சைக்கு நான் வரமாட்டேன் அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கல்யாணமாகி எட்டு வருஷம். இந்த நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்பே இரண்டு தங்காமல் போனது உங்களுக்குத் தெரியும். இப்போது யூரின் ரிப்போர்ட் பல மாதமாகச் சுத்தமாக வருகிறது. கருவுக்கு ஆகாத மாத்திரையை நிறுத்தி வேறு மாற்றிக் கொடுத்திருக்கிறார் டாக்டரம்மா. இப்போது முயற்சி செய்யலாம் என்கிறார். லூபஸை அடக்கி வைக்கிற எச்.சி.க்யூ மாத்திரையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதே என்றார்.

பெண்களுக்கே ஏன் இந்த நோய் இவ்வளவு வருகிறது என்று டாக்டரம்மாவிடம் கேட்டீர்களா?

உங்கள்
நிர்மலா


தருமபுரி
1 ஜூன் 2025

நிர்மலா கண்ணு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு மாத்திரை இல்லை! ஸ்டீராய்டுகூட இல்லை. காலையில் எழுந்ததும் கை தானாக மாத்திரை டப்பாவைத் தேடுகிறது. பஸ் ஸ்டாண்டு பக்கம் தாரிக்கின் மிக்ஸி ரிப்பேர் கடைக்கு நானே சாப்பாடு எடுத்துக்கொண்டு நடந்து போகிறேன். பார்க்கிறவர்கள் எல்லாம் என்ன மருந்து என்று கேட்கிறார்கள். சொன்னால் நம்புவதில்லை.

நீ கேட்டதைக் கேட்டேன். பத்தில் ஒன்பது பேர் பெண்கள்தானாம். நமக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. அதில் ஒன்றை உடம்பு அடக்கி வைக்கிறது. அப்படி அடக்குகிற ஏற்பாட்டிலிருந்தே இந்தக் குழப்பம் ஆரம்பிக்கலாம் என்று இப்போது ஆராய்ச்சியில் சொல்கிறார்களாம். ஆக, நீ செய்த தப்பும் இல்லை, நான் செய்த தப்பும் இல்லை.

மாதவிலக்கு மட்டும் இன்னும் திரும்பவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்கிறார்கள். தாரிக்கிடம் சொன்னேன். "நீ நடக்கிற, அது போதும் எனக்கு" என்றார். அன்று மத்தியானம் கடைக்கு நான் கொண்டுபோன சாப்பாட்டை அவர் தொடவில்லை.

உன்னிடமிருந்து நல்ல செய்தி வரும் என்று மனசு சொல்கிறது.

அஞ்சும் அக்கா


மொரப்பூர் அருகிலிருந்து
20 ஜூலை 2025

அக்கா,

உங்கள் மனசு சொன்னது சரிதான். மூன்றாவது மாதம் முடியப் போகிறது. வீட்டுக்கு வெளியே முதலில் உங்களிடம்தான் சொல்கிறேன். எல்லாவற்றையும் எழுதும்போது மாதவிலக்கு திரும்பவில்லை என்ற அந்த ஒரு வரியையும் எழுதியிருந்தீர்கள், அதைப் படித்துவிட்டு இந்தச் செய்தியை உங்களுக்கு எப்படி எழுதுவது என்று பல நாள் பேனாவை எடுத்து வைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டேன், எல்லாவற்றையும். மாமியார் கெட்ட மனசில் சொல்லவில்லை. என் தலையைத் தடவிக்கொண்டே, "இத்தினி மாத்திர தின்னா வவுத்துல இருக்கறது எப்பிடி நிக்கும் கண்ணு? ரெண்டு போனது பத்தாதா?" என்று அழுதுவிட்டார். எனக்கும் அதே பயம்தான். வேளா வேளைக்கு எடுத்து, வாசல் பூசணிக்கொடி அடியில் புதைத்துவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நீங்களே மாத்திரை இல்லாமல் இருக்கிறீர்களே அக்கா.

நிர்மலா


தருமபுரி
25 ஜூலை 2025

என் செல்லமே,

சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அடுத்த பத்தியைப் படித்தேன்.

நான் நிறுத்தியதும் நீ நிறுத்தியதும் ஒன்றில்லை. என் உடம்பில் கெட்டுப்போன செல்களைத் துடைத்த பிறகு, ரத்தத்தைப் பார்த்து டாக்டர் நிறுத்தினார். உன் உடம்பில் அவை அப்படியேதான் இருக்கின்றன. மாத்திரைதான் அவற்றைத் தூங்க வைத்திருக்கிறது. டாக்டரம்மாவிடம் உன் பெயரைச் சொல்லாமல் கேட்டேன். எச்.சி.க்யூ குழந்தைக்கு ஆகாததில்லை, நிறுத்துவதுதான் ஆகாதது என்றார். தாயின் ரத்தத்தில் சில ஆன்ட்டிபாடி இருந்தால் குழந்தையின் இதயத் துடிப்பு தடைபடாமல் காக்கவும் அதைத்தான் கொடுக்கிறார்களாம்.

இன்றைக்கே ஆரம்பி. இந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி உன்னைப் பார்க்க வருகிறேன்.

அக்கா


மொரப்பூர் அருகிலிருந்து
12 ஆகஸ்ட் 2025

அஞ்சும் அவர்களுக்கு,

வந்தீர்கள், பிரியாணி கொண்டுவந்தீர்கள், என் காலைப் பிடித்துப் பார்த்தீர்கள். வீங்கியிருக்கிறது என்றீர்கள். வயிற்றில் பிள்ளை இருந்தால் எல்லோருக்கும் வீங்கும் என்றேன். நாளையிலிருந்து மாத்திரை போடுகிறேன் என்றும் சொன்னேன். அதை நம்பாமல், பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட வந்த என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள்.

மறுநாள் விடிந்ததும் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். யூரினில் புரதம் போகிறது என்றார்கள். வார்டில் போட்டார்கள், ஸ்டீராய்டு ஏறியது. இப்போது வீட்டில் இருக்கிறேன். வேளைக்கு வேளை மாத்திரையோடு முன்னால் நின்று, முழுங்கினதும் வாயைத் திறந்து காட்டு என்கிறார். எட்டு வருஷத்தில் என்னை ஒரு வார்த்தை சந்தேகமாகப் பேசாத மனுஷன். அவர் தன் அம்மாவிடம் பேசுவதையும் விட்டுவிட்டார். அந்த அம்மா மூலையில் உட்கார்ந்து அழுகிறார்.

உங்களிடம் மட்டும்தானே சொன்னேன்?

உங்களுக்கு இல்லை என்பதால் எனக்கும் இருக்கக் கூடாது என்று நினைத்தீர்களா?

இனி எழுத வேண்டாம்.

நிர்மலா


தருமபுரி
18 ஆகஸ்ட் 2025

நிர்மலாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்று மட்டும்.

பஸ் ஸ்டாப்பில் சின்னராஜ் தம்பி வண்டியைத் திருப்பிவிட்டார், கிளம்பப் போனார். நான்தான் நிறுத்தினேன். "அவ மாத்திரைய நிறுத்தி நாளாச்சுங்க தம்பி. கால் வீங்கியிருக்கறது பிள்ளைத்தாச்சி வீக்கமில்ல. எனக்குத் தெரியும், எனக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுது. நாளைக்கே கூட்டிட்டுப் போங்க" என்றேன். அவ்வளவுதான் பேசினேன். உன் மாமியார் பேச்சையே எடுக்கவில்லை. அது எப்படியோ தம்பிக்குப் புரிந்திருக்கிறது. அதற்கு வருத்தப்படுகிறேன். சொன்னதற்கு வருத்தப்பட முடியவில்லை.

நீ கேட்ட கடைசிக் கேள்வியை நானும் என்னைக் கேட்டுப் பார்த்தேன். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் நினைத்தது உன் பிள்ளையை. அதைத் தவிர வேறெதுவும் நினைக்கவில்லை.

சின்னராஜ் தம்பியிடம் சொல், வாயைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டாம் என்று. நீ போட்டுக்கொள்வாய்.

அஞ்சும்


தருமபுரி
26 அக்டோபர் 2025

நிர்மலாவுக்கு,

பரிசோதனைக்குப் பெங்களூரு போன இடத்தில் டோக்கன் வரிசையில் உன் பெயரைக் கூப்பிடக் கேட்டேன். நீ ஸ்கேனுக்குப் போயிருந்தாய். காத்திருக்கலாம் என்று நினைத்தேன், பிறகு வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

என் ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது. அந்த விஷயம் இன்னும் திரும்பவில்லை. பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு மறுபடியும் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன்.

பதில் எழுத வேண்டாம். நலமாக இரு.

அஞ்சும்


மொரப்பூர் அருகிலிருந்து
11 ஜனவரி 2026

அன்பு அக்காவுக்கு,

பெண் குழந்தை. டிசம்பரிலேயே ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். எனக்குப் பிரஷர் ஏறியது, இனிமேல் வைத்திருக்க முடியாது என்றார்கள். இரண்டு கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் கொஞ்ச நாள் இருந்தாள். இதயத்துடிப்பு சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். போன வாரம்தான் வீட்டுக்கு வந்தோம். உங்களுக்குப் போன் செய்ய அவர் எடுத்தார். நான் எழுதிக்கொள்கிறேன் என்று வாங்கி வைத்துவிட்டேன்.

அக்டோபரில் நீங்கள் வந்துவிட்டுப் போனதை நர்ஸ் சொன்னார். வெளியே ஓடிவந்து பார்த்தேன்.

நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். பயமுறுத்துவார் என்று நினைத்தேன். "அது யாருக்கும் தெரியாதும்மா. கொஞ்ச நாள் கழிச்சு வந்திருந்தா எங்களால செய்ய முடிஞ்சது கம்மியா இருந்திருக்கும், அவ்வளவுதான் தெரியும்" என்றார். அதனால் நீங்கள்தான் காப்பாற்றினீர்கள் என்று எழுத மாட்டேன். என்னிடம் சொல்லிவிட்டு அவரிடம் சொல்லியிருக்கலாம் என்றுதான் இன்னும் தோன்றுகிறது. அந்தக் கோபம் மிச்சம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் ஆகஸ்ட்டில் ஒரு வரி எழுதினேனே, அதை எழுதியிருக்கக் கூடாது. அந்தக் கடிதத்தை வைத்திருந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

மாமியாரும் அவரும் பேசிக்கொள்கிறார்கள். குழந்தை பெட்டியில் இருந்தபோது இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது, வேறு இடமில்லை.

என் சிறுநீரகம் முழுசாகத் தேறவில்லை. பால் கொடுப்பது முடிந்ததும் புது சிகிச்சையைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறார்கள். அப்போது எனக்கு நிறையக் கேட்க வேண்டியிருக்கும், காய்ச்சலைப் பற்றியும்.

நீங்கள் வந்து இவளைத் தூக்குவதைப் பார்க்க எனக்குத் தைரியம் வருமா என்று யோசித்துக்கொண்டே இத்தனை நாள் தள்ளிப் போட்டேன். உங்களுக்குக் கஷ்டமாக இருக்குமோ என்றுதான் அக்கா. ஆனால் நீங்கள் பார்க்காமல் இவள் வளருவதும் சரியாகப் படவில்லை.

பொங்கல் கழித்து வருகிற ஞாயிறு தாரிக் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முதலில் பிள்ளையை உங்கள் மடியில் போடுவேன். சண்டை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

உங்கள்
நிர்மலா