முழங்காலால் நடந்தவருக்கு

இன்று ஹட்டனில் அபூர்வமாக வெயில் அடித்தது. பெட்டியில் கிடந்த துணிகளை உதறிக் கொடியில் போடும்போது உங்கள் பச்சைக் காற்சட்டை கைக்கு வந்தது. இரண்டு முழங்காலிலும் நான் வைத்துத் தைத்த ஒட்டுத் துணி அப்படியே இருக்கிறது. முகர்ந்து பார்த்தேன். பூச்சி உருண்டை வாசம்தான். பத்திரமாக வைக்கிறேன் என்று உங்கள் வாசத்தையே போக்கடித்திருக்கிறேன். கொடிக்குக் கீழேயே உட்கார்ந்து அழுதேன்.

காலாட்படையில் இருந்தவரை உங்களுக்கு முதலில் தேய்வது சப்பாத்துதான். சண்டை முடிந்து, கண்ணிவெடி அகற்றும் பிரிவுக்கு மாறிய பிறகு முழங்கால் தேயத் தொடங்கியது. சார்ஜன்ட் என்று அத்தனை பேரை நடத்திய மனிதர், தலை நரைக்கும் வயதில் திரும்பவும் பயிற்சி வகுப்பில் போய் உட்கார்ந்தீர்கள். சொல்லிக் கொடுத்தவர் உங்களைவிடச் சின்னவர்.

"ஏங்க, இந்த வயசுல இது தேவையா?" என்று கேட்டேன்.

"நாங்க சண்டை போட்ட பாதையில இப்ப புள்ளைங்க ஸ்கூலுக்குப் போகுதுங்க. அந்த மண்ணுல என்ன கெடக்குன்னு எனக்குத் தெரியும் புள்ள" என்றீர்கள்.

லீவில் வந்தபோது ஒரே புலம்பல். "முன்னால போயே பழகிட்டேன். இங்க என்னடான்னா பயலுங்க வெடி எடுக்கிறத கங்காணி மாதிரி பின்னால நின்னு பாக்கச் சொல்றாங்க." கொழுந்து பறிக்கிற உங்கள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று அதட்டிய கங்காணியைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். எரிச்சல் வராமல் இருக்குமா? ஆனால் அதைவிடக் கஷ்டம் இன்னொன்று. காலாட்படையில் ஒருவன் விழுந்தால் தலைவன் ஓடிப்போய்த் தூக்க வேண்டும். இங்கே ஓடக் கூடாது. விழுந்தவன் எவ்வளவு கத்தினாலும், முழங்காலிட்டு, சாண் சாணாக மண்ணைச் சோதித்துக்கொண்டுதான் அவனிடம் போக வேண்டும்.

அதை வீட்டில் பழகினீர்கள். நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் லீக்ஸ் செடிப் பாத்தியின் மறுகோடியில் என்னை உட்கார வைத்து, "கால் போச்சுன்னு கத்து" என்றீர்கள். கத்தினேன். அடுத்த நொடி என் பக்கத்தில் நிற்கிறீர்கள், இரண்டு வரிசை லீக்ஸ் நாசம்.

"ஐயோ, செத்துட்டீங்க."

"மறுபடி கத்து."

அன்றைக்கு எத்தனை தடவை செத்தீர்களோ! என் கூச்சலைக் கேட்டு, நீங்கள் என்னை அடிக்கிறீர்கள் என்று நினைத்துப் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் ஓடி வந்தது வேறு. கடைசியில் ஒருமுறை குச்சியால் மண்ணைக் குத்திக் குத்தி, முழங்காலிலேயே வந்து சேர்ந்தீர்கள். "நீங்க வந்து சேர்றதுக்குள்ள ஆளு போயிடுமே" என்று சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

வடக்கில் பிறகு அப்படியே நடந்தது. குருநாகல் பக்கத்துச் சிங்கள இளைஞன், உங்கள் கையில் வேலை பழகியவன், வெடியில் விழுந்தான். சீக்கிரம் வாருங்கள் என்று சிங்களத்தில் உங்களைத்தான் கூப்பிட்டானாம். நீங்கள் ஓடவில்லை. மற்றவர்களையும் ஓட விடவில்லை. முழங்காலில் போய் அவனைத் தொட்டபோது மூச்சு நின்றிருந்தது. மேலதிகாரிகள் எல்லோரும் நீங்கள் செய்ததே சரி என்றார்கள். நீங்கள் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டீர்கள்.

"ஓடியிருந்தா உசிரோட புடிச்சிருப்பேனா?"

"ஓடியிருந்தா நீங்களும் போயிருப்பீங்க."

"நான் அதைக் கேக்கல புள்ள."

ஓய்வு பெற்று வந்த பிறகும் அந்தக் கேள்வி உங்களை விடவில்லை. சோற்றில் கை வைத்தபடி கேட்பீர்கள். நானுஓயாவில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது கேட்பீர்கள். பதில் தெரியாத எனக்குச் சில நாள் கோபம்கூட வந்தது.

போன வருஷம் அதே பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தீர்கள். "புள்ள" என்று குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால் சாய்ந்து கிடக்கிறீர்கள். ஓடினேன். செருப்பு எங்கேயோ போக, லீக்ஸையெல்லாம் மிதித்துக்கொண்டு ஓடினேன். வாசலுக்கும் பாத்திக்கும் என்ன பெரிய தூரம்? வெடி ஒன்றும் இல்லாத மண்தானே. தலையைத் தூக்கி மடியில் வைத்தபோது நீங்கள் இல்லை. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

வெயில் இறங்குவதற்குள் காற்சட்டையை எடுத்து மடித்துவிட்டேன். இந்த முறை பூச்சி உருண்டை போடவில்லை. உங்கள் கேள்விக்குப் பதில் இப்போது எனக்குத் தெரியும். கேட்கத்தான் நீங்கள் இல்லை. அதனால் அதை நானே சுமந்துகொண்டு திரிகிறேன், களை பிடுங்க முழங்காலிடும் போதெல்லாம் அந்த மண்ணிடம் சொல்லிக்கொண்டு:

"ஓடி வந்தாலும் பிந்திடுதுங்க."