மச்சானின் மரமும் என் நித்தியகல்யாணியும்

மச்சான்,

முதியோர் வகுப்பில் இன்று பாடப் புத்தகத்தைப் பிரித்ததும் உன் மரத்தின் வாசம் வந்தது. பக்க அடையாளத்துக்கு வைத்திருக்கும் காய்ந்த கொப்பின் வாசம். நான் எழுதப் பழகி மூன்று மாதம்தான் ஆகிறது. முதல் கடிதம் உனக்கு. ஒவ்வொரு எழுத்தும் விழ விழச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் எழுதப்போவது என் பொறாமையை.

இலங்கையில் நுவரெலியா மலையிலிருந்து கப்பலேறி வந்தபோது அந்தக் கன்றை பிஸ்கட் டின்னில் வைத்துப் பிள்ளையைப் போல ஏந்தி வந்தாய். சைப்ரஸ், குளிர்மலை மரம் என்றாய். தெருவே பார்க்க வந்தது. என் கிணற்றடியில் நித்தியகல்யாணி வருடம் முழுக்கப் பூத்துக் கிடந்தது, ஒருவரும் திரும்பவில்லை. என் மனைவியும்தான். காக்கா, காக்கா என்று அண்ணன் பின்னாலேயே வளர்ந்த உன் தங்கை அல்லவா. உப்புக்காற்று உன் மரத்தைக் கருக்கிவிடும் என்று காத்திருந்தேன். அது கூரையைத் தாண்டியது.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன், உன் மரம் ஒரு பூவாவது பூக்குமா என்று. வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாய்: "ஒஞ் செடிய ஆடுகூட மோந்து பாக்காது மாப்ள. அது பூத்தா என்ன, பூக்காட்டி என்ன?" அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வருடம் உன்னை அடக்கியபோது, வழக்கப்படி கபரின் தலைமாட்டில் ஊன்ற உன் மரத்துக் கொப்பையே உன் தங்கை ஒடித்துக் கொடுத்தாள். எட்டாம் நாள் அது காய்ந்துவிட்டது. அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அந்தக் குழியிலேயே என் நித்தியகல்யாணியை வைத்தேன். உன் தலைமாட்டில் என் செடி. வீடு வரும்வரை சிரிப்பு அடங்கவில்லை.

எங்கள் ஊரில் பெண்கள் கபரடிக்குப் போவதில்லை. வெள்ளிதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்து, நான் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பியதும் அவள் கேட்பாள், கொப்பு தழைத்திருக்கிறதா என்று. தழைத்திருக்கிறது என்பேன். போன வெள்ளி வாய் தவறிவிட்டது.

"நல்லாப் பூத்திருக்கு."

மீன் அரிந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "எங்க காக்கா மரம் என்னைக்குப் பூத்துச்சு?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். என்ன நிறம் என்று கேட்டாள். வெள்ளை என்றேன். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி மீனை எடுத்தாள்.

மறுநாள் தெருவெல்லாம் சொல்லியிருக்கிறாள், காக்காவின் கபரில் பூப் பூத்திருக்கிறது என்று. யார் செடி என்று ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர் சுமப்பது நான், பெயர் உனக்கு.

இந்த வெள்ளியும் செம்போடு வருவேன். உன் கொப்பு மட்டும் இந்தப் புத்தகத்தில்தான் இருக்கும், திருப்பிக் கேட்காதே. வருடம் ஒன்றாகியும் வாசம் போகவில்லை. என் பூவுக்கு வாசமே கிடையாது, மச்சான்.