பொருந்தாத சட்டங்கள்

ரபாத், செவ்வாய்க்கிழமை

என் வீட்டுக்காரருக்கு ஸலாம்.

என் ஆய்வேடு இன்று தேறவில்லை. உம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

மார்க்கச் சட்டத்தின் அடிப்படை நோக்கம் மனிதரின் சிரமத்தைக் குறைப்பதுதான் என்று, அறுபது சட்டங்களை ஒன்றுசேர்த்து நிறுவியிருந்தேன். நோயாளிக்கு நோன்பில் விலக்கு, தண்ணீர் கிடைக்காதவர் மண்ணால் தூய்மை செய்துகொள்ள அனுமதி என்று அடுக்கிக்கொண்டே போனேன். தேர்வுக் குழுவில் இருந்த பேராசிரியர் லம்ரீனி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிம்மா. கார்ல ஏசி போட்டுப் பயணம் போறவர் நோன்பை விட்டுக்கலாம். ரொட்டி அடுப்பு முன்னால வேகுறவருக்கு அந்தச் சலுகை ஏன் இல்ல? ஒத்துவர்றதை மட்டும் பொறுக்கி எடுத்தா அது ஆராய்ச்சியா?"

போன ரமலானில், ரொட்டி அடுப்பை மூடிவிட்டு வந்த கையோடு நீங்கள் இதையேதான் கேட்டீர்கள். "ரொட்டி சுடுறவங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்றேன். அன்றிலிருந்து என் படிப்பைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்று வராததற்கும், ஃபெஸ் நகர ரொட்டிக்கடையில் வேலை அதிகம் என்றுதான் சொன்னீர்கள்.

"இதை முதல்ல கேட்டது என் வீட்டுக்காரர், ஐயா. நான்தான் காதுல வாங்கல" என்று அரங்கில் இருந்த அத்தனை பேர் முன்னிலையில் சொன்னேன்.

ஆறு மாத அவகாசம் வாங்கிவிட்டேன். பொருந்தாத சட்டங்களுக்கென்றே ஒரு அத்தியாயம் எழுதப்போகிறேன். அதில் என் முடிவு உடைந்தால் உடையட்டும். வெள்ளிக்கிழமை வருகிறேன். நோன்போடு அடுப்பு முன்னால் ஒரு பகல் எப்படிப் போகிறது என்று நீங்கள் சொல்லுங்கள். குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்கிறேன்.

உங்கள் மனைவி