படுத்திருக்கும் பிறை

நேற்று சாயங்காலம் பேத்தி ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைக் கூடத்தில் விரித்துப் போட்டுவிட்டு முகம் கழுவப் போனாள். அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரை நிலாவை வரிசையாக அச்சடித்த பக்கம். மூன்றாம் பிறை அதில் அரிவாள் மாதிரி நிமிர்ந்து நின்றது. புத்தகத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பிறையைப் படுக்க வைத்தேன். சிரிப்பு தாங்கவில்லை. உன்னை நினைத்துத்தானடி சிரித்தேன். நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. இந்தப் படம் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது, பார்.

மலைக்கோட்டைக்குக் கீழே நம் பெண்கள் பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்பு, ஒரே பெஞ்சு, நீயும் நானும். சுவரில் சீமையிலிருந்து வந்த நிலா அட்டை தொங்கும். ஒரு நாள் மூன்றாம் பிறையைச் சிலேட்டில் வரையச் சொன்னார் டீச்சர். நான் அட்டையைப் பார்த்து அப்படியே போட்டேன், பத்துக்குப் பத்து. நீ காவிரி ஓடம் மாதிரி, இரண்டு முனையும் மேலே பார்க்கப் படுக்கப் போட்டாய்.

“என்னடி இது? நிலாவைக் கேட்டா ஓடத்தைப் போட்டு வெச்சிருக்கே. துடுப்பு எங்கே?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இதை உன்னிடம் கடைசிவரை ஒப்புக்கொள்ளவே இல்லை.

“மாசாமாசம் அத்தாவோட மாடியில நின்னு பிறை பாக்குறேன் டீச்சர். நம்ம ஊர்ல படுத்துதான் இருக்கு.”

“அப்போ படம் போட்டவன் முட்டாள், நீதான் புத்திசாலி! அழிச்சுட்டு ஒழுங்காப் போடு. இல்லேன்னா பரீட்சை வைக்க இன்ஸ்பெக்டரம்மா வர்ற அன்னிக்கு உன்னை அவங்க முன்னாடி நிறுத்தவே மாட்டேன்.”

நீ அழிக்கவில்லை. இன்ஸ்பெக்டரம்மா வாயால் பாஸ் என்று சொன்னால்தான் ஆறாவது, இல்லையென்றால் வீட்டோடு இரு என்று உன் அத்தா சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். உன் படிப்பே அந்தச் சிலேட்டில் கிடந்தது.

“அழிச்சுத் தொலையேன்டி, படம்தானே?” என்று கெஞ்சினேன்.

“நீயும்தானே மூணாம் பிறை பாக்குறே? எப்படி இருக்கும், சொல்லு.”

எங்கள் வீட்டு வழக்கத்தைத்தான் சொன்னேன். எங்கள் வீட்டில் பிறை தெரிந்ததும் கண்ணை மூடிக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, உடனே தங்கம் பார்த்தால் நல்லது என்று அம்மாவின் மோதிரத்தைப் பார்ப்போம். அவ்வளவுதான்.

“அடிப்பாவி, கும்பிட்டிருக்கே. பாக்கவே இல்லையே!” என்றாய்.

இன்ஸ்பெக்டரம்மா வந்த நாள் மாசி மாதத்து மூன்றாம் பிறையாக அமைந்தது. சாயங்காலம் முற்றத்தில் கும்மி. உன்னைக் கடைசி வரிசைக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். கும்மி அடித்துக்கொண்டே மேற்கே திரும்பினேன். உறையூர்ப் பக்கத்து ஓட்டுக் கூரைகளுக்கு மேலே பிறை. ஓடமேதான்! அன்று நான் கண்ணை மூடவில்லை. கை அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்தவள் என்மேல் இடித்தாள். வகுப்பில் வாயே திறக்காத நான் கத்தினேன்:

“டீச்சர், மேல பாருங்க! அவ போட்ட மாதிரியே இருக்கு!”

இன்ஸ்பெக்டரம்மா எழுந்து பார்த்தார். நடந்ததைக் கேட்டார். உன்னை முன்னால் கூப்பிட்டார்.

“சரி, ஏன் படுத்திருக்கு? தெரியுமா?”

மாலை மரியாதையோடு கொடுத்த எலுமிச்சம்பழம் அவர் கையிலேயே இருந்தது. “அதைக் குடுங்கம்மா” என்று வாங்கி, முற்றத்தில் ஏற்றி வைத்திருந்த அரிக்கேன் விளக்குக்கு மேலே பிடித்தாய். “விளக்குதான் சூரியன். இப்பத்தான் நேரா கீழ இறங்கியிருக்கு. அப்போ வெளிச்சம் நிலாவோட அடியிலதானேம்மா படும்?” பழத்தின் அடி மட்டும் மின்னியது.

“சீமையில சூரியன் சாய்வா இறங்கும், அதான் அங்க பிறை நிக்கும்,” என்றார் அவர். “படம் அந்த ஊருக்குச் சரி. இந்த ஊருக்கு இவ சரி. பாஸ்! ஆறாவதுக்கு அனுப்பச் சொன்னேன்னு உங்க அத்தாகிட்ட சொல்லு.”

மறுநாள் காலை டீச்சரே ஸ்டூல் மேல் ஏறி அட்டையைக் கழற்றிப் பக்கவாட்டில் திருப்பி மாட்டினார். எழுத்தையெல்லாம் கழுத்தைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. பிறை மட்டும் சரியாக இருந்தது. “துடுப்பு போடட்டுமா டீச்சர்?” என்று நீ கேட்டாய். அவரும் சிரித்துவிட்டார்.

நீ ஆறாவது போனாய், மேலே படித்தாய், டீச்சரும் ஆனாய். என் படிப்பு அந்த வருஷத்தோடு சரி. ஆனாலும் ஐந்தாவதே படித்த நான் ஒரு கும்மியை நிறுத்தி ஒரு டீச்சரை உண்டாக்கினேன் என்று யார் வந்தாலும் பெருமை அடித்துக்கொள்வேன். உனக்கே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்!

முகம் துடைத்துக்கொண்டு வந்த பேத்தி, “புக்கு ஏன் பாட்டி படுத்திருக்கு?” என்றாள்.

“அது இப்பத்தான் திருச்சிக்கு வந்து சேர்ந்திருக்கு” என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினேன். நேற்றும் மூன்றாம் பிறை. கே.கே. நகர் வீடுகளுக்கு மேலே படுத்திருந்தது. ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நிதானமாகப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் கும்பிட்டேன்.