ரோலரை மறித்த ஆள்காட்டி

என் அன்பு மனைவி டிராக்டர்காரிக்கு,

நான் நல்ல சுகம். உன் இடுப்பு வலி குறைந்ததா? அத்தைக்கு இருமல் விட்டதா?

பயப்பட ஒன்றுமில்லை, ஒரு வேடிக்கை நடந்தது. இந்தக் குளிர் ஊரின் புது ரோட்டில் ரோலர் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓர் ஆள்காட்டிக் குருவி குறுக்கே நின்றுகொண்டு ஒரே கத்தல். இறங்கிப் பார்த்தால், ஜல்லிக்கு நடுவே ஜல்லி நிறத்திலேயே நான்கு முட்டைகள்!

"ஏம்பா நிறுத்திட்ட?" என்று சூப்பர்வைசர் பாய்ந்து வந்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். ஆனாலும், உழும்போது நீ செய்வாயே, அதேபோல் சுற்றிலும் குச்சி நட்டு, அந்த இடத்தை விட்டுவிட்டு ஓட்டினேன். முறைத்துக்கொண்டே போன மனிதர், மறுநாள் அவரே சிவப்பு நாடா கட்டினார்.

"நான் பொறந்து வளர்ந்ததே இங்கதான். இந்தப் பறவைய முன்ன பார்த்ததே இல்ல. வாய்க்கால் வந்துச்சு, குளிரும் கொறஞ்சுச்சு, இதுவும் வந்துடுச்சு" என்றார்.

முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் ஓடிவிட்டன. எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள். அதெல்லாம் உனக்குச் சேர வேண்டியது.

ஓர் உதவி. நம் வயல் ஆள்காட்டி கத்துவதைப் போனில் பதிந்து அனுப்பு. இரண்டும் ஒரே குரலா என்று பார்க்க வேண்டும். நடுவில் நீ அதை அதட்டுவது விழுந்தால், அழித்துவிடாதே.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் ரோலர்காரன்